எல்லா ஊருக்கும் ஒரே முகம் ஏன்? மாநகராட்சி ஆணையர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கும், பொறியாளர்களுக்கும், அவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரும் ஆலோசனை நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் நீங்கள் புதுப்பித்த குளக்கரைகள், பூங்காக்கள், பேருந்து நிலையங்களின் படங்களை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மறைத்து, வரிசையாக வைத்துப் பாருங்கள். எது சேலம், எது ஈரோடு, எது தூத்துக்குடி என்று சொல்லிவிட முடியுமா? நடைபாதையில் சாம்பலும் சிவப்புமாகப் பேவர் பிளாக், ஓரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, மின்கம்பத்தைச் சுற்றி எல்இடி பட்டை, செயற்கைப் புல்லின் மேல் ஃபைபரில் ஒரு மான், நடுவில் ஆள் உயரத்துக்கு ‘ஐ’ என்று ஆரம்பித்து, சிவப்பு இதயம் ஒன்றைத் தாண்டி, ஊர்ப் பெயரில் முடியும் ஆங்கில எழுத்துகள். பேருந்து நிலையமாக இருந்தால் முகப்பு முழுக்க ஏசிபி ஷீட் என்ற அலுமினியத் தகடும் நீலக் கண்ணாடியும். தூத்துக்குடியின் உப்புக் காற்றையும் ஈரோட்டு மண்டியின் மஞ்சள் வாசனையையும் வைத்து மூக்காலேயே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணால் முடியவில்லை.

பொழுதுபோகாமல் சொல்லும் குறையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருப்பவன். நகராட்சிகளுக்கு டிபிஆர் என்ற விரிவான திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். எஸ்டிமேட் எப்படிப் போடுகிறார்கள், டெண்டர் எப்படித் திறக்கிறார்கள், ஆடிட் வந்தால் ஓர் உதவிப் பொறியாளர் எப்படித் தவித்துப்போகிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஊர்கள் ஒரே மாதிரி ஆவதற்கு உங்களில் யாருடைய ரசனைக் குறைவும் காரணமில்லை. ஊரைக் கட்டுவதற்கு நாம் வைத்திருக்கிற நடைமுறைதான் இந்த ஒரே முகத்தை அச்சடித்துத் தள்ளுகிறது. அந்த நடைமுறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதனால் மடலும் உங்களுக்கு.

உலகம் முழுக்கவே இப்படித்தானே போகிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2012இல் செயின்ட் லாரன்ட் தொடங்கி 2018இல் பர்பெரி வரை, பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய எழுத்தைக் கைவிட்டு ஒரே மாதிரியான, முனையில் கொடுக்கு இல்லாத தடித்த மொட்டை எழுத்துக்கு மாறின. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கடையில் செய்த பெயர்ப் பலகை போலிருக்கும். பர்பெரி மட்டும் 2023இல் பழைய குதிரை வீரன் சின்னத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி லோகோவை ஐந்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். இடித்துவிட்டுக் கட்டிய பேருந்து நிலையத்தை அப்படி மாற்ற முடியாது, அடுத்த நாற்பது வருடத்துக்கு ஊரின் முகம் அதுதான்.

அந்த இதயம் போட்ட எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். 1970களின் நடுவில் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தது. குற்றம், வேலையின்மை, குவிந்துகிடந்த குப்பை என்று ஊரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லாத நேரம். மாநில அரசின் சுற்றுலா விளம்பரத்துக்காக மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் 1976இல் டாக்சியில் போய்க்கொண்டிருந்தபோது, கிழிந்த கடித உறை ஒன்றில் சிவப்புக் கிரேயானால் கிறுக்கியதுதான் அது. அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அந்த உறை இன்றும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஊர், அதற்கு வந்த ஒரு குறிப்பிட்ட கஷ்டம், அதற்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்தது. அப்புறம் 2004இல் ஆம்ஸ்டர்டாம் தன் பெயரை வைத்து ஒரு விளம்பர வாசகம் உண்டாக்கியது. பின்னால் அதை இரண்டு மீட்டர் உயர எழுத்துகளாகச் செய்து ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் பின்புறம் நிறுத்தியது. படம் எடுக்க வந்த கூட்டம் அளவு மீறிப் போனதும், நகர மன்றமே முடிவெடுத்து 2018 டிசம்பரில் அவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நான் பார்த்த எஸ்டிமேட்டுகளில் ‘செல்ஃபி பாயிண்ட்’ என்று ஒரு வரி தவறாமல் வர ஆரம்பித்தது.

அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் சும்மா போய் நிற்க, காசு கேட்காத ஓர் இடம் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். அவர்கள் நிற்பதற்கு அந்த ஊருக்கே உரிய ஒன்றைக் கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். கோவை குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஒரு திருவள்ளுவரைச் செய்து வைத்தார்கள், அதன் முன்னாலும் ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். யோசித்துச் செய்தால் ஜனங்கள் வராமல் போய்விடுவார்கள் என்ற பயம் தேவையில்லை.

சரி, இந்த ஒரே முகம் எப்படி உண்டாகிறது? 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நாடு முழுக்க 100 ஊர்கள், அதில் கடைசியில் தமிழ்நாட்டுக்கு 11. ஊருக்கு 500 கோடி ரூபாய் வரை மத்திய அரசின் பங்கு, அதே அளவுக்கு மாநிலத்தின் பக்கத்திலிருந்து. ஐந்து வருடத் திட்டம் நீட்டித்து நீட்டித்து 2025 மார்ச்சில் முடிந்தது. இவ்வளவு பணம் ஒரே மூச்சில் நம் தெருவுக்கும் குளத்துக்கும் வந்தது அபூர்வம். ஆனால் பணம் வரும்போதே கெடுவும் சேர்ந்து வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் டெண்டர் போட வேண்டும், அதற்கு முன்னால் டிபிஆர் கையில் இருக்க வேண்டும். ஆலோசனை நிறுவனத்துக்கான கட்டணமோ பெரும்பாலும் திட்ட மதிப்பில் இத்தனை சதவீதம் என்றுதான் பேசப்படுகிறது. ஆறு மாதம் அந்த ஊரின் தெருக்களில் நடந்து, கடைக்காரர்களிடம் பேசி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எழுதினாலும் அதே கட்டணம், போன ஊரின் அறிக்கையைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுத்தாலும் அதே கட்டணம். நாமே இப்படி விதி வைத்துவிட்டு வேறு எதை எதிர்பார்க்கிறோம்?

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் சரிபார்ப்பதற்காக ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. அட்டையில் நம் மாவட்டத் தலைநகர் ஒன்றின் பெயர், உள்ளே பாதிப் பக்கங்களின் அடியில் வேறு மாநிலத்து ஊரின் பெயர். ஏரிக்கரை மேம்பாடு என்ற அத்தியாயத்தில் படகுத்துறை வரைந்திருந்தார்கள், அந்த ஏரியில் வருடத்தில் பாதி நாள் தண்ணீரே இருக்காது. அதைவிட என்னை உலுக்கியது முப்பரிமாணப் படங்கள்தான். ஸ்கெட்ச்அப் மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் பொம்மைகளை எடுத்து அப்படியே வைத்திருந்தார்கள். கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பெண், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருவர், இலை சிவந்த மேப்பிள் மரங்கள். புங்கமரம் இல்லை, வேம்பு இல்லை. இளநீர் வண்டி இல்லை, பூக்கட்டும் அம்மா இல்லை, கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள்கூட இல்லை. படத்தில் இல்லாதவர்களுக்குக் கட்டி முடித்த இடத்திலும் இடம் இருக்காது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். திறப்பு விழா முடிந்த மறுவாரமே ‘அழகைக் கெடுக்கிறார்கள்’ என்று முதலில் விரட்டப்படுவது அந்த இளநீர் வண்டிக்காரர்தான். ஒரே மாதிரி தெரிவது வெறும் கண்ணுக்கு அலுப்பு என்று நினைத்துவிட வேண்டாம், யார் அங்கே இருக்கலாம் யார் இருக்கக் கூடாது என்பதையும் அந்தப் படம் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்கள். வண்டி நிறுத்த மட்டுமே பயன்பட்ட ஓரத்தை நடக்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். அதன் பிறகு நான் போன ஊர்க் கூட்டங்களிலெல்லாம் ‘பாண்டி பஜார் மாதிரி’ என்ற பேச்சு. அகலமான நடைபாதை என்ற யோசனையை எடுத்துக்கொண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அங்கே போட்ட கல், அங்கே வைத்த பெஞ்சு, அங்கே நட்ட கம்பம் இவைதான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன, நடைபாதை பல இடங்களில் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து விலைப்பட்டியல். பொதுப்பணித் துறையின் ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸில் இருக்கிற பொருளுக்கு எஸ்டிமேட் போடுவது எளிது. பேவர் பிளாக்குக்கு ரேட் இருக்கிறது, கிரானைட்டுக்கு இருக்கிறது, ஸ்டீல் கைப்பிடிக்கு இருக்கிறது. சுதை என்ற சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த ஒரு கொத்தனார் முகப்பில் செய்யும் பூவேலைக்கு? தனியாக ரேட் அனாலிசிஸ், அதாவது இந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கு, எழுத வேண்டும், கொட்டேஷன் வாங்க வேண்டும், மேலே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும், இரண்டு வருடம் கழித்து ஆடிட் அப்ஜெக்‌ஷன் வந்தால் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் பழைய ஃபைல் ஒன்று எழுந்து வந்து பென்ஷனை நிறுத்திவிடுமோ என்ற பயம் எவ்வளவு நிஜம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதோடு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைக் கொடுக்கச் சொல்கிறது. வேண்டியவர்களுக்கு வேலையைத் தூக்கிக் கொடுப்பதைத் தடுக்க வந்த சட்டம், அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் வடிவத்தையும் பொருளையும் ஒரே டெண்டரில் போட்டுவிட்டால், யாரிடம் அச்சு தயாராக இருக்கிறதோ அவர்தான் குறைந்த விலை சொல்ல முடியும். ஃபைபர் மானுக்கு அச்சு எப்போதோ செய்தாகிவிட்டது. பத்தாவது ஊருக்கு அந்த மான் மலிவு, அந்த ஊர்ச் சிற்பி புதிதாகச் செய்வது விலை அதிகம். மான் ஜெயிக்கிறது.

ஏசிபி கதையும் இதேதான். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு, மொத்தம் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம். வேகமாக மாட்டலாம், திறப்பு விழா அன்று பளபளவென்று இருக்கும், பின்னால் இருக்கிற அவசர வேலையை மறைக்கும். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சாதாரண பாலிஎத்திலீனாக இருந்தால் அது எரியும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ அவ்வளவு வேகமாக ஏறி 72 பேர் இறந்ததற்கு அப்படிப்பட்ட உறைதான் முக்கியக் காரணம். வேலூர் வெயிலில் கண்ணாடி முகப்பு வைத்துவிட்டு உள்ளே மின்விசிறி போதவில்லை என்கிறோம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் முடித்த மெட்ராஸ் டெரஸ் கூரையும், ஆழமான தாழ்வாரமும், உயரத்தில் காற்றுப்போக்கியும் வைத்துக் கட்டிய அலுவலகங்களில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதையே அப்படியே திரும்பக் கட்டச் சொல்லவில்லை, தேக்குக்கு எங்கே போவது? நிழலும் காற்றும் முதலில் வரட்டும், பளபளப்பு அப்புறம் வரட்டும் என்கிறேன். வெயிலும் மழையும் ஊருக்கு ஊர் வேறு மாதிரி இருப்பதால், அதற்குப் பதில் சொல்லும் கட்டடமும் தானாகவே வேறு மாதிரி வந்துவிடும்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விடுங்கள், எனக்கு மனம் அதிகம் நோகும் இடம் அதுதான். எந்த ஊரின் பழைய கடைத்தெருவுக்கும் போய் ஃப்ளெக்ஸ் பலகைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவில், இரண்டு பக்கமும் கொடியும் பூவும் சூழ, கடையின் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ கட்டிய ஆண்டோ சுதையில் புடைத்து நிற்கும். அதைச் செய்த கொத்தனார் எந்த எழுத்துருவையும் பார்த்துச் செய்யவில்லை, கரண்டியும் ஈரச் சாந்தும் எந்த வளைவுக்கு இடம் கொடுத்ததோ அந்த வளைவைப் போட்டார். ‘லை’யும் ‘ணை’யும் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும், பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 அக்டோபரில் அரசு ஏற்றுக்கொண்ட பிறகு அந்த வடிவங்கள் பாடப்புத்தகத்திலிருந்து போய்விட்டன, சுவரில் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அதற்கு அடுத்த தலைமுறை, போர்டு எழுதும் ஓவியர்கள். நூலில் சாக்பொடி தேய்த்துச் சுண்டிக் கோடு போட்டு, ஒரு குச்சியைப் பலகையில் சாய்த்து அதன் மேல் கையைத் தாங்கி, தட்டைப் பிரஷ்ஷால் எனாமலில் இழுப்பார்கள். ‘ழ’வின் அடி வளைவை ஒருவர் இழுத்துக்கொண்டே போய் அடுத்த எழுத்துக்குக் கீழே கோடாக நீட்டிவிடுவார், இன்னொருவர் சட்டென்று முடித்துவிடுவார். கீழ் மூலையில் பொடி எழுத்தில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்து. ஓர் ஊரில் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள், அந்த நாலைந்து பேரின் கைதான் அந்த ஊர்க் கடைத்தெருவின் முகம். திருநெல்வேலிக்காரரின் கை திருச்சியில் இருக்காது.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. விலையில் ஓவியர்களால் போட்டி போட முடியவில்லை. டிடிபி கடைகளில் இருந்ததோ கைவிரலில் எண்ணக்கூடிய தமிழ் எழுத்துருக்கள். வடிவமைப்பு மென்பொருள்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் தமிழைப் பல வருடம் சரியாகக் காட்டவில்லை, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறி நின்றது, அதனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலேயே கடைகள் தங்கிவிட்டன. கடைத்தெரு முழுக்க ஒரே எழுத்தானதற்குப் பின்னால் இருக்கிற விஷயம் இவ்வளவுதான், யாரும் ஆசைப்பட்டு இதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்று அந்தத் தட்டுப்பாடு இல்லை. பிரியா ரவிச்சந்திரன் செய்த கேட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனார், மும்பை ஏக் டைப் குழுவின் அனேக் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் நீங்கள் வைக்கும் தெருப் பலகையில் கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் எது வந்ததோ அதுதான். கடைப் பலகைகளில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள், அதற்காக நோட்டீஸும் கொடுக்கிறீர்கள். வரவேற்கிறேன். ஆனால் அளவுக்கு ஸ்கேல் வைத்துப் பார்க்கிற அரசு, அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒருமுறையும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே செய்த வடிவத்தோடு பொருந்த வேண்டும் என்று தமிழ் எழுத்தின் வளைவை நசுக்கிச் சதுரமாக்கி வைக்கிறார்கள், ‘ஞ’வும் ‘இ’யும் மூச்சு முட்ட நிற்கின்றன. ஒவ்வொரு மாநகராட்சியும் இடிப்பதற்கு முன்னால் தன் ஊரின் சுதை எழுத்துகளையும் கைப்பலகைகளையும் படமெடுத்து வைத்து, இன்னும் பிரஷ் பிடிக்கிற ஓவியர்கள் இருவரையும் ஓர் எழுத்துரு வடிவமைப்பாளரையும் சேர்த்து உட்காரவைத்து, அந்த ஊருக்கென்று ஓர் எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போடும் செலவுகூட ஆகாது. தெருப் பெயர், பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி எல்லாவற்றிலும் அதே எழுத்து வரட்டும், டிடிபி கடைக்காரரும் அதையே எடுத்துக்கொள்வார்.

ஒரே மாதிரி இருக்க வேண்டியவையும் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கல் ஊருக்கு ஊர் மாறினால் ஆபத்து. ஒழுங்கும் வேண்டும், ஊரும் தெரிய வேண்டும் என்றால் எப்படி என்பதற்கு மெக்சிகோ நகரத்தைப் பாருங்கள். 1969இல் அங்கே மெட்ரோ ரயில் தொடங்கியபோது படிக்கத் தெரியாத பயணிகள் நிறைய இருந்தார்கள். லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னம் வைக்கும் முறையை உண்டாக்கினார். எல்லாச் சின்னமும் ஒரே அளவு, ஒரே தடிமன் கோடு, ஒரே வட்டமுனைச் சதுரம். உள்ளே இருப்பது மட்டும் அந்தந்த இடத்தின் சங்கதி. சாபுல்டெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி, சுரங்கம் தோண்டும்போது பழைய ஆஸ்டெக் கோவில் கிடைத்த பினோ சுவாரெஸ் நிலையத்துக்கு அந்தக் கோவில். அம்பது வருடம் தாண்டியும் அந்த முறை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நம் திருப்பூரில் யோசித்துப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நிறுத்தத்துக்கு ஒரு சின்னம் இருந்தால் அவர்களும் வழி தவறாமல் போவார்கள், ஊருக்கும் தனக்கென்று ஒரு முகம் கிடைக்கும். கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரில் வீதிகளை அடுக்கி வைத்திருக்கிற மதுரைக்குச் சின்னம் தேடி எங்கேயும் போக வேண்டியதே இல்லை.

ஆட்கள் இல்லை என்று சொல்லாதீர்கள். சிறு கற்களால் நடைபாதை பதிக்கும் தொழில் அழிந்துவிடக் கூடாது என்று லிஸ்பன் மாநகராட்சி 1986இல் அதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கியது. நமக்குப் பள்ளி தொடங்கும் வேலைகூட இல்லை, ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணத்தில் இன்னொன்று, மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி. எல்லாம் அரசே சம்பளம் கொடுத்து நடத்துபவை. கல்லிலும் சுதையிலும் மரத்திலும் பயிற்சி எடுத்து வருடா வருடம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அரசின் ஒரு கை அவர்களைப் படிக்கவைக்கிறது, இன்னொரு கை கேட்டலாக்கைப் புரட்டி ஃபைபர் மானை ஆர்டர் கொடுக்கிறது. இந்த இரண்டு கைகளும் இதுவரை சந்தித்துக்கொள்ளாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யும் தரை ஓட்டை, வெளிநாட்டு வீடுகளுக்கு வாங்கிப் போகிறார்கள். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்துக்கு அதை ஏன் போடக் கூடாது?

உங்களிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. வடிவமைப்பைக் கட்டுமான டெண்டரிலிருந்து பிரியுங்கள். அதற்குத் தனிக் கட்டணம், தனிக் கால அவகாசம் கொடுங்கள், சதவீதக் கணக்கை விட்டுவிட்டு ஊரில் செலவிடும் நாளுக்குப் பணம் கொடுங்கள். கைவேலைக்கான ரேட்டுகளை விலைப்பட்டியலிலேயே சேர்க்கும்படி பொதுப்பணித் துறைக்கு எழுதுங்கள், அது வந்துவிட்டால் உங்கள் உதவிப் பொறியாளர் பயமில்லாமல் கையெழுத்துப் போடுவார். திட்ட மதிப்பில் ஒரு சின்னப் பகுதியை உள்ளூர்க் கைகளுக்கு என்று ஒதுக்குங்கள். முப்பரிமாணப் படத்தில் வேப்பமரமும் தள்ளுவண்டியும் இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்புங்கள். இது ஒன்றைச் செய்யவே ஒரு அரசாணையும் வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஸ்மார்ட் சிட்டி முடிந்துவிட்டது, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது, சிறிய நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் குளக்கரை, சந்தை, பேருந்து நிலையம் என்று வேலைகள் வரிசையில் நிற்கின்றன. பெரிய ஊர்களில் ஆகிப்போனது ஆகிப்போனதுதான். இந்தச் சின்ன ஊர்களையாவது காப்பாற்றலாம். அடுத்த டிபிஆர் உங்கள் மேசைக்கு வரும்போது, இதை எழுதியவர்கள் அந்த ஊரில் எத்தனை நாள் தங்கினார்கள், யார் யாரிடம் பேசினார்கள் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால் அந்த வரைபடங்களைப் பெரிதாக அச்சடித்து, தமிழில் விளக்கம் எழுதி, ஒரு மாதம் அதே பழைய பேருந்து நிலையத்தில் ஒட்டி வையுங்கள்; பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். சுதை வேலைக்கும் கையால் எழுதும் பலகைக்கும் ஆடிட்டில் நிற்கிற மாதிரி ரேட் அனாலிசிஸ் எழுத எனக்குத் தெரியும். எந்த நகராட்சி கூப்பிட்டாலும் வந்து, கட்டணம் வாங்காமல் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் துறைக்காக வரைபடம் போட்ட ஒரு கட்டட வடிவமைப்பாளன்